எபிசோட் 41: காலில் சிரங்கு, முகத்தில் வீக்கம்

இது நாற்பத்தொன்றாவது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொன்ன இடங்களையும் வெட்டியிருக்கிறேன். மற்றபடி மைக்கில் பேசியதுதான். வழக்கமான எச்சரிக்கை: நான் டாக்டர் இல்லை. பகலில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரியில் பழைய மருத்துவக் கட்டுரைகள்.

எனக்கு அப்போ ஏழு வயசு. கோடை லீவு முழுக்கப் பாட்டி ஊர்ல. கொசுக்கடியைச் சொறிஞ்சு சொறிஞ்சு ரெண்டு கால்லயும் சிரங்கு. பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போட்டாங்க, புண்ணும் காய்ஞ்சு பொருக்கு தட்டிடுச்சு. பள்ளிக்கூடம் திறந்த வாரம் காலையில எழுந்தா கண் திறக்க முடியல, முகம் அப்படி வீங்கியிருந்தது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போக ஆரம்பித்திருந்தது. திட்டு விழும் என்று பயந்து அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பார்த்த டாக்டர், தொண்டை வலி இருந்துச்சா என்று கேட்டார். இல்லை. ரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. என்று ஒரு டெஸ்ட் எழுதினார். நார்மல். அப்போ ஸ்ட்ரெப் கிருமி காரணம் இல்லை என்று முடிவாயிற்று. மறுநாள் பிரஷர் ஏறிவிட்டது. அப்பா வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே இருந்த வயதான டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பேன்ட்டை மேல தூக்குப்பா" என்றார். காலில் இருந்த கருத்த தழும்புகளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்ட ஒரே கேள்வி: "இது வந்து எத்தனை நாள் ஆச்சும்மா?" அம்மா சொன்னார், மூணு வாரம் இருக்கும்.

அந்த டெஸ்ட் ஏன் நார்மல் என்று சொன்னது? கிருமி இருந்தது, நோய் இருந்தது, லாகில் மட்டும் எதுவும் பதிவாகவில்லை. என் தொழிலில் இப்படி நடந்தால், லாக் எழுதும் கோடு எந்த இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று தேடுவோம். இந்த எபிசோட் அந்தத் தேடல்தான்.

முதலில் நோய் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையிலோ தோலிலோ குடியேறும். சிறுநீரகத்துக்கு அது போவதே இல்லை. உடம்பு அதை எதிர்த்து எதிர்ப்புப் பொருள்களைச் செய்யும். அந்த எதிர்ப்புப் பொருளும் கிருமியின் ஏதோ ஒரு துணுக்கும் சேர்ந்த கலவை சிறுநீரகத்தின் சல்லடைகளில் படிந்து, அங்கே அழற்சியைக் கிளப்பும். சல்லடை ஓட்டையாகி ரத்தமும் புரதமும் சிறுநீரில் கசியும். உப்பும் நீரும் வெளியேறாமல் உடம்பில் தங்கும். அதனால்தான் வீக்கம், பிரஷர். தொண்டையில் தொற்று என்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும், தோல் என்றால் சுமார் மூன்று வாரம். புண் ஆறி, வீட்டில் எல்லாரும் அதை மறந்த பிறகு வரும் நோய் இது. அந்தத் 'துணுக்கு' எது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இந்த இடைவெளியை முதலில் கவனமாக எழுதி வைத்தவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பிறந்து லண்டனில் டாக்டராக இருந்தவர். பனித்துளி எப்படி உருவாகிறது என்று 1814இல் ஒரு அருமையான கட்டுரை எழுதியவரும் இவர்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1812இல், ஸ்கார்லெட் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்றாவது வாரம் கடந்த பிறகு உடம்பில் நீர் கோத்து வீங்குகிறது, சிறுநீரில் ரத்தமும் அதன் நீர்ப்பகுதியும் வருகிறது என்று பதிவு செய்தார். ஸ்கார்லெட் காய்ச்சல் என்பது தொண்டையில் ஸ்ட்ரெப் வந்து உடம்பெல்லாம் சிவக்கும் நோய். ஆனால் அப்போது கிருமி என்ற கருத்தே கிடையாது.

அடுத்து ரிச்சர்ட் பிரைட். லண்டன் கைஸ் மருத்துவமனை. இப்படி வீங்கிச் செத்தவர்களின் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்து, குற்றவாளி அங்கேதான் இருக்கிறான் என்று 1827இல் காட்டினார். அவருடைய டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கரண்டியில் சிறுநீரை எடுத்து மெழுகுவர்த்தி மேல் பிடிக்க வேண்டும். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரிந்துவிடும். அவ்வளவுதான். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சிறுநீரக நோய் எல்லாமே 'பிரைட் நோய்' என்ற ஒரே பெயருக்குள் கிடந்தது.

கிருமி வந்து போன பிறகு ஏன் நோய்? இதற்கு வியன்னாவில் விடை கிடைத்தது. கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக் இருவரும் குழந்தை மருத்துவர்கள். டிப்தீரியாவுக்குக் குதிரை சீரம் ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து தடிப்பும் வீக்கமும் வருவதைப் பார்த்து 1905இல் ஒரு புத்தகமே போட்டார்கள். ஊசி மருந்து நேராக விஷமாகவில்லை, உடம்பு அதற்குக் கொடுக்கும் பதில்தான் நோயாகிறது என்பது அவர்கள் வாதம். அடுத்த இரண்டு வருஷத்தில் ஷிக் அதே தர்க்கத்தை ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பிறகு வரும் சிறுநீரக நோய்க்கும் பொருத்தினார். கையில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எதுவும் இல்லாமல், காலண்டரை மட்டும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

கவனிச்சீங்களா? இதுவரை எல்லாம் தொண்டை. லண்டன், வியன்னா, குளிர் நாட்டு மருத்துவமனைகள். 1932இல் எட்கர் டாட் என்பவர் ஏ.எஸ்.ஓ. டெஸ்டைக் கொண்டுவந்தார். ஸ்ட்ரெப் கிருமி ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நஞ்சை வெளியிடும். அதற்கு எதிராக உடம்பு செய்த பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அது. தொண்டை நோய்க்கு அருமையாக வேலை செய்தது. உலகம் முழுக்கப் பரவியது. எழுபது வருஷம் கழித்து என் கையிலிருந்தும் அதற்கு ரத்தம் எடுத்தார்கள்.

நடுவில் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு இந்தக் கிருமிக்கு ஆதார் எண் மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கிருமியின் மேற்பரப்பில் எம் புரதம் என்று ஒன்று உண்டு. அது ஆளுக்கு ஆள் வேறு. அதை வைத்து 1ஆம் வகை, 12ஆம் வகை, 49ஆம் வகை என்று பிரிக்கலாம். இந்த எண்கள் இல்லாவிட்டால் இனி சொல்லப்போகிற எதுவும் நடந்திருக்காது.

சார்ல்ஸ் ராமல்காம்ப் அந்த எண்களை வைத்து 1950களின் தொடக்கத்தில் ஒரு முடிச்சை அவிழ்த்தார். அமெரிக்க ராணுவ முகாம்களில் ஸ்ட்ரெப் தொண்டை நோய் பரவும்போது, மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் எப்போதும் நூற்றுக்கு மூன்று பேர் அளவில், கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் வரும். சிறுநீரக அழற்சியோ ஒரு முகாமில் கூட்டமாக வரும், இன்னொன்றில் ஒருத்தருக்கும் வராது. அப்படியானால் எல்லா ஸ்ட்ரெப்பும் சிறுநீரகத்தைத் தொடுவதில்லை, சில வகைகள் மட்டும்தான் என்றார் அவர். முதலில் மாட்டியது 12ஆம் வகை. இதுவும் தொண்டைக் கிருமிதான்.

தோல் பக்கம் கதை திரும்பியது மின்னசோட்டாவின் வடக்கே, ரெட் லேக் என்ற இடத்தில். ஒஜிப்வே பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. 1953இல் அங்கே குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சி கொள்ளைநோய் மாதிரி வந்தது. பல குழந்தைகளின் தோலில் சிரங்கு. அங்கே பிடிபட்ட கிருமிக்குப் பின்னால் 49 என்று எண் கொடுத்தார்கள். பதிமூன்று வருஷம் கழித்து, 1966இல், அதே இடம், மறுபடியும் அதே நோய், மறுபடியும் அதே 49. முதல் தடவை வந்தபோது பிறந்தேயிராத குழந்தைகள் இப்போது படுக்கையில்.

இரண்டாவது தடவை அங்கே போனது மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வானமேக்கர் குழு. பேட்ரீஷியா ஃபெரியெரி, அத்னான் தஜானி போன்றவர்களும் பின்னால் சேர்ந்தார்கள். அவர்கள் செய்த வேலை பார்வைக்கு ரொம்பச் சாதாரணம். புண் இருக்கிற குழந்தையோடு நிற்காமல், புண்ணே இல்லாத குழந்தைகளின் மூக்கு, தொண்டை, நல்ல தோல் எல்லா இடத்திலும் பஞ்சால் துடைத்து எடுத்து, அதே குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 1972இல் வெளிவந்த முடிவு இது: ஸ்ட்ரெப் முதலில் நல்ல தோலில் வந்து உட்கார்கிறது. சுமார் பத்து நாள் கழித்து, ஒரு கொசுக்கடியோ கீறலோ வழி விட்டதும், அங்கே சிரங்கு. தொண்டைக்கு அது போவது அதற்கும் பிறகுதான். தொண்டையிலிருந்து தோலுக்கு இறங்குகிறது என்று நினைத்தால் அது தலைகீழ். தோல் இந்தக் கிருமிக்குத் தனி வீடு.

என் ஏ.எஸ்.ஓ. டெஸ்டுக்கு விடை சொன்னதும் இதே குழுதான். எட்வர்ட் கப்லானும் மற்றவர்களும் 1970இல் காட்டினார்கள்: தோல் தொற்று வந்த குழந்தைகளுக்கு ஏ.எஸ்.ஓ. அளவு சரியாக ஏறுவதில்லை. ஆனால் டி.என்.ஏஸ் பி என்ற வேறொரு கிருமிப் பொருளுக்கு எதிரான அளவு நன்றாக ஏறுகிறது. ஏன்? தோலில் கொழுப்புகள் இருக்கின்றன, கொலஸ்ட்ரால் உட்பட. அவை ஸ்ட்ரெப்டோலைசினைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. உடம்பு அந்த நஞ்சைச் சரியாகப் பார்க்கவே இல்லை, அதனால் எதிர்ப்பும் செய்யவில்லை. முயலின் தோலிலிருந்து எடுத்த கொழுப்பை வைத்து 1976இல் அதையும் நிரூபித்தார்கள். இதைப் படித்த ராத்திரி நான் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடந்தேன். டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அது தொண்டையிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தோலிடம் கேட்டது, அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பே இது அச்சில் இருந்தது என்பதுதான் கொஞ்சம் வலிக்கிறது.

இனி டிரினிடாட். இந்த எபிசோடில் நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது இதைத்தான்.

1845இல் ஃபதெல் ரசாக் என்ற கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை முதன்முதலாக அங்கே இறக்கியது. 1917 வரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலானோர் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்கள். சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் அதில் உண்டு. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த தீவின் தெற்குப் பகுதியில் இன்றும் அவர்கள் வழிவந்தவர்கள் ஏராளம். அங்கே பெரிய ஊர் சான் ஃபெர்னாண்டோ. அங்கே அரசு மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர் தியோ பூன்-கிங்.

1950களின் தொடக்கத்தில் ஒரு தடவை, மறுபடி 1964இலிருந்து, அந்தத் தெற்குப் பகுதியில் குழந்தைகள் முகம் வீங்கி, சிறுநீர் கருத்து, நூற்றுக்கணக்கில் வர ஆரம்பித்தார்கள். பூன்-கிங் எண்ணினார். ஊர் ஊராக, மாதம் மாதமாக. சிகாகோவிலிருந்து டேவிட் ஏர்ல், எலிசபெத் பாட்டர் போன்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1967இல் கட்டுரை வந்தது. அதில் முதல் பெயர் பூன்-கிங்குடையது. அந்தக் காலத்தில் உள்ளூர் டாக்டர் நோயாளிகளைக் காட்டுவார், வெளிநாட்டுக்காரர் பெயர் முன்னால் வரும். இங்கே அப்படி நடக்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

டிரினிடாடில் கிடைத்த கிருமி புதுசு. பழைய எண் எதிலும் பொருந்தவில்லை. அதற்கு 55 என்று எண் கொடுத்தார்கள். சரி, ஒரு குழந்தையின் காலிலிருந்து இன்னொரு குழந்தையின் காலுக்கு அது எப்படிப் போகிறது? பேசெட் என்ற ஆராய்ச்சியாளர் ஈக்களைப் பிடித்தார். ஹிப்பெலேட்ஸ் என்ற ரொம்பச் சின்ன ஈ. கண்ணிலும் புண்ணிலும் வந்து மொய்க்கும். நம்ம ஊர்ல நாய்க்குட்டி கண்ணைச் சுத்திப் பறக்குமே, அந்த மாதிரி. அந்த ஈக்கள் ஸ்ட்ரெப்பைச் சுமந்துகொண்டு திரிந்தன.

பிறகு 1970களின் தொடக்கத்தில் தீவில் சொறி பரவியது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலுக்குள் துளை போட்டு வரும் அரிப்பு, ஸ்கேபிஸ். அதன் பின்னாலேயே சிறுநீரக அழற்சியும் ஏறியது. 1972இல் லான்செட் இதழில் அந்தத் தொடர்பு வெளிவந்தது. பூச்சி துளை போடும், குழந்தை சொறியும், நகம் தோலைக் கிழிக்கும், ஸ்ட்ரெப் உள்ளே நுழையும், மூணு வாரத்தில் சிறுநீரகம். சங்கிலி இப்போது முழுசாகத் தெரிந்துவிட்டது. எங்க பாட்டி "சொறியாதடா" என்று கையைத் தட்டிவிட்டதற்குப் பின்னால் இத்தனை இருந்தது.

இதில் ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்புக்கு பென்சிலின் கேட்கும், இன்றும் கேட்கும். தொண்டை வலிக்குச் சீக்கிரம் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம், அது நிரூபணமானது. ஆனால் சிரங்கு வந்த ஒரு குழந்தைக்கு பென்சிலின் கொடுத்தால் அந்தக் குழந்தையின் சிறுநீரகம் தப்பும் என்று யாராலும் அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. பக்கத்துக் குழந்தைக்குப் பரவுவது நிற்கும், அதற்காகவே கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், பூர்வகுடிக் குழந்தைகளிடையே இந்த நோய் கூட்டமாக வரும்போது, புண் இருக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் பென்சிலின் ஊசி போடுவது அந்தக் காரணத்துக்காகத்தான்.

அப்படியானால் சங்கிலியை எங்கே வெட்டுவது? சாலமன் தீவுகளில் ஒரு கடற்கழி, அதில் ஐந்து குட்டித் தீவுகள். 1990களின் கடைசியில் அங்கே ஸ்ட்ரெப்பை நேரடியாகத் தொடாமல், சொறிப் பூச்சியைக் குறிவைத்து ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில், குழந்தைகளிடையே சொறி 25 சதவீதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. சிரங்கு 40 சதவீதத்திலிருந்து 21 ஆனது. சிறுநீரில் ரத்தம் காட்டும் குழந்தைகளும் குறைந்தார்கள். சிறுநீரகத்துக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல்! சங்கிலியில் மூணு கண்ணி முன்னாடி இருக்கிற அரிப்பை நிறுத்தினால் சிறுநீரகம் வரை கேட்கிறது.

2005இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் வருஷத்துக்கு ஏறக்குறைய 4,70,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, சுமார் 5,000 பேர் இறக்கிறார்கள். மிகப் பெரும்பாலும் ஏழை நாடுகளில். பணக்கார நாடுகளின் பாடப்புத்தகத்தில் இது இன்று ஒரு பத்தி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மெம்ஃபிஸ் நகரில் ஆலன் பிஸ்னோவும் மற்றவர்களும் 1970இல் எழுதியதைப் படித்தால், அமெரிக்காவின் தெற்கிலும் ஒரு காலத்தில் கோடையின் கடைசியில் சிரங்கைத் தொடர்ந்து இந்த நோய் தவறாமல் வந்துகொண்டிருந்தது தெரியும். அவர்களும் சிரங்கோடு இருந்தவர்கள்தான்.

கடைசியாக, என் சொந்தப் பயத்தைப் பற்றி. மூணு வாரம் உப்பில்லாத இட்லி தின்றேன். வீக்கம் வடிந்தது. "முழுசா சரியாயிடுச்சு" என்று அந்த டாக்டரம்மா சொன்னார், அம்மா அன்றைக்குத்தான் அழுதார். அது சும்மா ஆறுதலுக்குச் சொன்னது இல்லை. ரெட் லேக் குழந்தைகளைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் நலம். டிரினிடாட் நோயாளிகளை 12 முதல் 17 வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து ஐந்நூறு பேருக்கு மேல் பரிசோதித்து 1982இல் எழுதினார்கள். சிலருக்கு மட்டுமே பாதிப்பு நீடித்தது. ஆனால் ஆஸ்திரேலியாவின் வடக்கே ஒரு பூர்வகுடிக் கிராமத்தில் 1980களில் இந்த நோய் வந்தவர்களைப் பற்றி 2001இல் வந்த கட்டுரை வேறு மாதிரி பேசுகிறது. நோய் வராதவர்களைவிட இவர்களின் சிறுநீரில் புரதம் கசிவது பல மடங்கு அதிகம். குறைந்த எடையில் பிறப்பது, சர்க்கரை, திரும்பத் திரும்பத் தொற்று என்று ஏற்கெனவே அடி வாங்கிய சிறுநீரகத்துக்கு இது இன்னொரு அடியாக இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மூன்று ஆய்வுகளும் உண்மையாக இருக்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். எந்த உடம்பில் வருகிறது என்பதைப் பொறுத்து.

அதனால் நான் வருஷம் ஒரு தடவை பிரஷர் பார்க்கிறேன், சிறுநீரில் புரதம் பார்க்கிறேன். லேபில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை முக்கி நிறத்தைப் பார்ப்பார்கள், பிரைட் கரண்டியில் தேடிய அதே புரதம்தான். போன மாசம் 'நில்' என்று வந்தது. ரிப்போர்ட்டை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அக்கா பையனுக்குக் கால்ல ஏதோ சிரங்கு மாதிரி இருக்குடா, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்று பதில் வந்தது.

காட்டியாச்சு. மருந்து போடுகிறார்கள், அவனுடைய நகத்தை ஒட்ட வெட்டியாச்சு. மூணு வாரத்துக்குத் தினமும் சிறுநீர் என்ன நிறம் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். திட்டாமல் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.